கணவாய் மீன் இறங்கும் கரையில் நரம்பியலில் அரியர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உளவியல் பட்டப்படிப்பின் முதலாமாண்டு நரம்பியல் தாளில் மாணவர்கள் கொத்துக் கொத்தாக அரியர் வைப்பது பற்றி உங்கள் நாளிதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். ப்ளஸ் டூவில் உயிரியல் படிக்காதவர்களை இந்தப் படிப்பில் சேர்க்கவே கூடாது, வணிகவியலும் வரலாறும் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு மூளையைப் பற்றி என்ன புரியப் போகிறது என்பது அவர் வாதம். நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் அதே படிப்பில் இறுதியாண்டு மாணவி. கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவில் கடலோரக் கிராமம் ஒன்று எனக்கு ஊர். அந்தத் தாளை எழுதித் தேறியவள், கூடப் படித்த நிறையப் பேர் தேறாமல் நின்றதையும் பக்கத்திலிருந்து பார்த்தவள். குறை இருப்பது உண்மை, ஆனால் அது அவர் கை நீட்டுகிற இடத்தில் இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தாள் கஷ்டம்தான், அதில் சந்தேகமே வேண்டாம். மனசைப் பற்றிப் படிக்கலாம், நாலு பேர் கவலையைக் கேட்டு வழி சொல்லக் கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்து வருகிற பிள்ளைக்கு முதல் வாரமே சோடியம், பொட்டாசியம், மைனஸ் 70 மில்லிவோல்ட் (சும்மா இருக்கும் நரம்பணுவின் உள்பக்க மின்னழுத்தம்) என்று பலகையில் எழுதிப் போட்டால் எப்படி இருக்கும்? வேறு வகுப்பில் வந்து உட்கார்ந்துவிட்டோமோ என்று வெளியே போய் அறை எண்ணைப் பார்த்துவிட்டு வந்த பையன் ஒருவன் எங்களோடு படித்தான், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அப்புறம் மூளையின் பாகங்கள், ஹிப்போகேம்பஸ், ஹைப்போதலாமஸ், தலாமஸ், அமிக்டலா என்று வாயில் நுழையாத பெயர்கள். அதற்குப் பின்னால் மூளையில் இருந்து நேராகக் கிளம்பும் 12 கபால நரம்புகள், வரிசை மாறாமல் எழுத ஆங்கிலத்தில் ஒரு மனப்பாட வாக்கியம் (அந்த வாக்கியங்களில் சிலதை வகுப்பில் சத்தமாகச் சொல்லவும் முடியாது). இதெல்லாம் ஒரே செமஸ்டரில், அதுவும் மற்ற நான்கைந்து பாடங்களுக்கு நடுவில்.

உயிரியல் குரூப்பில் இருந்து வந்தவர்கள் இதில் தப்பித்துவிட்டார்களா என்றால் அதுவும் இல்லை. அவர்களுக்குப் பெயர்கள் முன்பே பழக்கம், அதனால் முதல் இன்டர்னலில் நிம்மதியாக இருந்தார்கள், அவ்வளவுதான். நரம்பில் துடிப்பு, அதாவது மின் செய்தி, எப்படி ஓடுகிறது என்ற இடம் வந்ததும் அவர்களும் எங்களைப் போலத்தான் விழித்தார்கள். எங்கள் வகுப்பில் அந்தப் பாடத்தில் எழுந்த மிக நல்ல கேள்வியைக் கேட்டது வணிகவியல் படித்துவிட்டு வந்த தொண்டிப் பக்கத்துப் பெண். செல்லுக்குள்ளே பொட்டாசியம் அதிகம், அதனால் வெளியே கசிகிறது, சரி. ஆனால் அது நேர்மின்சுமை உள்ளது, அது வெளியே போகப் போக உள்ளே எதிர்மின்சுமை கூடும் அல்லவா, அந்த எதிர்மின்சுமையே அதைத் திரும்ப உள்ளே இழுக்காதா, அப்படியானால் இந்தக் கசிவு எங்கே போய்த்தான் நிற்கும் என்று கேட்டாள். கிடைத்த பதில்: "அதெல்லாம் எக்ஸாமுக்கு வராதும்மா, நோட்ஸை எழுதிக்கோ."

அந்த யூனிட்டில் பாடம் என்று ஒன்று இருந்தால் அது அந்தக் கேள்விதான். செறிவு வெளியே தள்ளுகிறது, மின்சுமை உள்ளே இழுக்கிறது, இரண்டும் சமமாகும் இடத்துக்குக் கொஞ்சம் முன்பாக, சோடியமும் சிறிதளவு உள்ளே கசிவதால் சற்றுத் தள்ளி, அந்த மைனஸ் 70 வந்து நிற்கிறது. அதாவது அந்த எண் யாரோ எழுதி வைத்த எண் இல்லை, இந்த இழுபறியில் கிடைப்பது. இதை விலங்கியல் துறைப் பேராசிரியர் ஒருவர் ஒருநாள் மதியம் வேறு வேலையாக எங்கள் வகுப்புக்கு வந்தபோது, எங்கள் தொல்லை தாங்காமல், சாக்பீஸால் நாலு கோடு போட்டு விளக்கினார். நோட்ஸில் பல பக்கம் எழுதிப் புரியாதது அந்த நாலு கோட்டில் புரிந்தது. எங்களுக்குப் பாடம் எடுத்தவரைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. அவர் கௌரவ விரிவுரையாளர், அதே செமஸ்டரில் வேறு தாள்களும் அவர் தலையில், அவருக்கும் இந்தப் பாடத்தை யாரோ நோட்ஸாகத்தான் கொடுத்திருப்பார்கள். பெயர்கள் முதலில், இயக்கம் பிறகு, நேரம் இருந்தால், என்ற வரிசை தலைமுறையாக ஜெராக்ஸ் ஆகிக்கொண்டே வருகிறது. துறைமுகத்தில் நிற்கும் படகுகளின் பெயரையெல்லாம் ஒப்பித்தவனைக் கடலுக்கு அனுப்புகிற மாதிரி இருக்கிறது இது.

எனக்கு வயிற்றெரிச்சலே இதற்குமேல்தான். நரம்பில் துடிப்பு ஓடுவது எப்படி என்று உலகம் கண்டுபிடித்தது மனித மூளையை வைத்து இல்லை, கணவாயை வைத்து. நம் கரையில் கூடை கூடையாக இறங்கி ஐஸ் பெட்டியில் ஏறுகிறதே, அந்த ஊசிக் கணவாயின் உறவுக்கார இனம். 1936-ல் ஜே. இசட். யங் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், கணவாயின் உடம்புக்குள் ரத்தக்குழாய் போலத் தெரியும் ஒன்று உண்மையில் ஒற்றை நரம்பிழை என்று எடுத்துக் காட்டினார். அரை மில்லிமீட்டரில் இருந்து 1 மில்லிமீட்டர் வரை தடிமன், கண்ணால் பார்க்கலாம். நம் உடம்பில் இருக்கிற மிகத் தடித்த நரம்பிழையே ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான், அதற்குள் எதைச் செருகி எதை அளப்பது? கணவாயின் இழைக்குள் மெல்லிய மின்வாயைச் செருக முடிந்தது. ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1939-ல் இங்கிலாந்தின் பிளிமத் கடற்கரை ஆய்வகத்தில் அதைச் செய்தார்கள், போர் வந்து நின்றுபோனது, போர் முடிந்து மறுபடி தொடங்கி 1952-ல் முழு விளக்கத்தையும் சமன்பாடுகளோடு வெளியிட்டார்கள், 1963-ல் நோபல் பரிசு. அந்தச் சமன்பாடுகளை ஹக்ஸ்லி கையால் சுற்றும் கணக்குப் பொறியில் உட்கார்ந்து போட்டுத் தீர்த்திருக்கிறார். இவ்வளவுக்கும் எங்கள் நோட்ஸில் இருந்தது ஒரு வரி, 2 மதிப்பெண் கேள்விக்கு.

ஏன் கணவாய்க்கு மட்டும் அவ்வளவு தடித்த நரம்பு என்று கேட்டால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாதி பதிலை வகுப்புக்கு வருவதற்கு முன்பே வைத்திருப்பார்கள். வலை நெருங்கினால் மையைக் கக்கிவிட்டுப் பின்பக்கமாகப் பீய்ச்சிப் பாய்ந்துவிடும், அதைப் பார்க்காத பிள்ளை இந்தக் கரையில் கிடையாது. அப்படிப் பாய உடம்புச் சதை முழுக்க ஒரே நேரத்தில் சுருங்க வேண்டும், செய்தி தாமதமாகப் போனால் கதை முடிந்தது. இழை தடிக்கத் தடிக்க உள்ளே மின்னோட்டத்துக்குத் தடை குறையும், துடிப்பு வேகமாக ஓடும், நொடிக்கு 20 மீட்டருக்கு மேல். அடுத்த கேள்வி தானாக வரும்: வேகத்துக்குத் தடிமன்தான் வழி என்றால் நம் முதுகுத்தண்டு பனைமரத் தடிமனில் அல்லவா இருக்க வேண்டும்? அங்கேதான் மயலின் உறை. இழையைச் சுற்றி உறை போட்டு, இடைவெளி விட்டு விட்டு, துடிப்பு இடைவெளிக்கு இடைவெளி தாவும்படி செய்துகொண்டால் மெல்லிய இழையிலேயே நொடிக்கு 100 மீட்டரைத் தாண்டலாம். பாருங்கள், ஓய்வுநிலை மின்னழுத்தம், துடிப்பு, தடிமன், மயலின் என்று முதல் யூனிட் மொத்தமும் ஒரு கணவாயில் அடங்கிவிட்டது, யாரும் எதையும் ஒப்பிக்கவில்லை. (கல்லூரிகளில் விலங்குகளை அறுக்கும் செய்முறையைப் பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்தச் சொன்னது எனக்கும் சம்மதமே. ஆனால் குழம்புக்கு வாங்கிய கணவாயை வீட்டில் நறுக்கும்போது உள்பக்கத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்க்க யார் அனுமதியும் வேண்டாம்.)

கணவாய் மட்டும் இல்லை. பேத்தை மீன் வலையில் வந்தால் எங்கள் ஆட்கள் தூக்கி எறிந்துவிடுவார்கள், நாய் தின்னும் இடத்தில்கூடப் போட மாட்டார்கள். அந்த இனத்தின் நஞ்சு என்ன செய்கிறது என்றால் சோடியம் உள்ளே நுழையும் வாசலை அடைத்துவிடுகிறது, துடிப்பு எழாது, தசைக்குச் செய்தி போகாது, கடைசியில் மூச்சு இழுக்கும் தசையும் நின்றுவிடுகிறது, பெரும்பாலும் நினைவு தப்பாமலே. சோடியம் வாசல் ஏன் முக்கியம் என்று இதற்குமேல் ஒரு பிள்ளைக்குச் சொல்ல வேண்டுமா?

கபால நரம்புகளையும் இப்படித்தான். சின்னப்பாலத்துத் தோழி ஒருத்தி, அவள் அம்மா பாசி எடுக்கப் போகிறவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூச்சை அடக்கி முங்கினால் மேலே வர நேரமாகும். மூச்சை அடக்கி முகம் நீருக்குள் போனதும் இதயத் துடிப்பு இறங்கும், நீர் குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் கூடுதலாக. முகத்தில் இருந்து செய்தியை எடுத்துப் போவது ஐந்தாவது நரம்பு, இதயத்துக்கு மெதுவாகப் போ என்று சொல்வது பத்தாவது நரம்பு. இது தெரிந்த பிறகு அந்த இரண்டையும் அவள் மறந்து நான் பார்க்கவில்லை. மீதிப் பத்தை அவளும் மனப்பாடம்தான் செய்தாள், அதை மறைக்க வேண்டியதில்லை. கொஞ்சம் மனப்பாடம் எந்தப் படிப்பிலும் இருக்கும்.

எங்கள் பகுதிப் பிள்ளைகள் ஏன் உளவியலுக்கு வருகிறார்கள் என்பதையும் அந்த வாசகர் யோசித்திருக்கலாம். ஏர்வாடியில் வளர்ந்த பிள்ளைக்கு மனநோய் என்பது பாடப்புத்தகத்தில் வருகிற விஷயம் இல்லை. எந்தெந்த ஊரில் இருந்தோ, குணமாகும் என்று நம்பி, குடும்பத்தோடு கூட்டி வந்து தர்காவில் தங்க வைத்திருப்பவர்களைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவர்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். நாங்கள் பிறப்பதற்கு முந்தைய கதை, ஆனால் எங்கள் வீடுகளில் இன்னும் பேசுவார்கள். 2017-ல் வந்த மனநலச் சட்டம் யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. என்னோடு படித்த ஏர்வாடிப் பையன் ஒருவன், வரலாறு குரூப், இந்தப் படிப்பில் சேர்ந்ததற்கு ஒரே காரணம் அவன் வாப்பா அந்தக் காலையைப் பற்றிச் சொன்னதுதான். அவனை உயிரியல் படிக்கவில்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு யாரைச் சேர்த்துக்கொள்வது?

அவன்தான் ஒருநாள் வலிப்பைப் பற்றி வகுப்பில் பேச்சை எடுத்தான். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது எங்கள் ஊரிலும் உண்டு, உங்கள் ஊரிலும் இருக்கும். சாவியைக் கொடுத்ததும் வலிப்பு நின்றுவிடுகிறதே, கண்ணால் பார்த்திருக்கிறோமே என்று கேட்டான். விஷயம் இதுதான்: நரம்பணுக்கள் கட்டுப்பாடில்லாமல் கூட்டமாகத் துடிப்பதுதான் வலிப்பு, பெரும்பாலும் இரண்டொரு நிமிடத்தில் அது தானாகவே அடங்கிவிடும், சாவியைத் தேடி எடுத்துக் கொண்டுவரவும் அது அடங்கவும் சரியாக இருக்கும், பெயர் சாவிக்குப் போய்விடும். செய்ய வேண்டியது ஒருக்களித்துப் படுக்க வைப்பது, வாயில் எதையும் திணிக்காமல் இருப்பது, 5 நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவது. இதை அவன் தன் தெருவில் போய்ச் சொன்னான், திட்டும் வாங்கினான், கொஞ்சம் பேர் கேட்டும் கொண்டார்கள். ஒரு தாளின் பயன் இதற்குமேல் என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் அந்தத் தாளில் அவனுக்கு அரியர். கேள்வித்தாள் கேட்டது வலிப்பை இல்லை, மூளையின் மடல்களையும் அவற்றின் பணிகளையும் அட்டவணையிடுக என்று.

கேள்வித்தாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செமஸ்டர் தேர்வுக்கு 75, இன்டர்னலுக்கு 25. அந்த 75-ல் பெரும்பகுதி வரையறு, பட்டியலிடு, படம் வரைந்து பாகங்களைக் குறி. சோடியம் வாசல் அடைபட்டால் என்ன ஆகும், பொட்டாசியம் வெளியே அதிகமானால் என்ன ஆகும் என்று யோசிக்க வைக்கிற கேள்வி நான் பார்த்த பழைய தாள்களில் தேட வேண்டியிருந்தது. மனித மூளையில் நரம்பணுக்கள் எத்தனை என்ற கேள்விக்குத் தோழி ஒருத்தி 8,600 கோடி என்று எழுதினாள். பிரேசிலைச் சேர்ந்த சுசானா ஹெர்குலானோ-ஹுசெல் குழுவினர் 2009-ல் எண்ணிச் சொன்ன கணக்கு அது. இன்டர்னலில் அதைச் சுழித்து 10,000 கோடி என்று திருத்தியிருந்தார்கள், ஏனென்றால் நோட்ஸில் பழைய கணக்கு. மதிப்பெண் போனது சின்ன விஷயம், அவள் அதற்கப்புறம் நோட்ஸைத் தவிர வேறு எதையும் படிப்பதில்லை என்று முடிவெடுத்ததுதான் பெரிய விஷயம்.

இன்னொன்று, கடற்கரைப் பிள்ளைகளின் காலக்கணக்கு. ஏப்ரல் 15-ல் இருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். இரண்டாம் செமஸ்டர் தேர்வு சரியாக அதற்குள் வந்து உட்காரும். வீட்டில் வருமானம் இல்லாத மாதங்களில்தான் தேர்வுக் கட்டணமும் அரியர் கட்டணமும் பஸ் காசும். அரியர் வைத்தால் மறுபடி எழுதினால் போயிற்று என்று சொல்வது லேசு, ஒவ்வொரு தாளுக்கும் பணம் கட்ட வேண்டியவர்களுக்கு அது லேசு இல்லை. அப்பா இலங்கைச் சிறையில் இருந்தபோது தேர்வு எழுதிய பிள்ளைகள் ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் எத்தனையோ பேர், அவர்களிடம் போய் நீ உயிரியல் படித்திருக்க வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள்.

நான் பாடத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. எங்கள் ஜூனியர்களிலேயே சிலர் அப்படி மனு எழுதிக்கொண்டு வந்தார்கள், நான் கையெழுத்துப் போடவில்லை. சோடியமும் பொட்டாசியமும் தெரியாமல் மனநோய் மாத்திரை என்ன செய்கிறது என்று எப்படிப் புரியும்? ஏர்வாடியில் தவா, துவா இரண்டும் வேண்டும் என்று மருந்தையும் பிரார்த்தனையையும் சேர்த்துக் கொண்டுபோகும் திட்டத்தை அரசாங்கம் நடத்தி வருகிறது, அங்கே நாளைக்கு வேலைக்குப் போகிற பிள்ளைக்கு தவா பக்கம் தெரிய வேண்டாமா? கஷ்டமான தாள் கஷ்டமாகவே இருக்கட்டும். முதல் மூன்று வாரம் பெயர்களே இல்லாமல் ஒரே ஒரு நரம்பிழையை மட்டும் எடுத்துக்கொண்டு அது எப்படி இயங்குகிறது என்று முடித்துவிட்டு, பாகங்களுக்கு அதன் பிறகு போகட்டும். விலங்கியல் துறையும் உளவியல் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கும்போது அந்த மூன்று வாரத்துக்கு ஒருவரை இரவல் வாங்குவதில் என்ன சங்கடம் என்று எனக்கு விளங்கவே இல்லை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது, தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது, வருடத்தில் ஒரு நாள் மாணவர்களைக் கூட்டிப் போகலாம். நான் படித்த காலம் முழுக்க யாரும் கூட்டிப் போகவில்லை.

நாங்கள் இறுதியாண்டு மாணவர்கள் சிலர் இப்போது சனிக்கிழமை மதியம் முதலாமாண்டுப் பிள்ளைகளோடு உட்காருகிறோம். அந்தத் தொண்டிப் பெண்தான் முதல் யூனிட் எடுக்கிறாள், கசிவு எங்கே போய் நிற்கும் என்று கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் அரைமணி நேரம் அவர்களைத் தவிக்க விடுவாள், அது அவள் குணம். எல்லாரும் தேறிவிட்டார்கள் என்று கதைவிட மாட்டேன். சிலர் இன்னும் திணறுகிறார்கள், ஆங்கிலத்தில் நீளமாக விடை எழுதுவது தனிப் பிரச்சினை, அது எங்களால் தீராது. ஆனால் பாதியில் படிப்பை விட்டுவிடுகிறேன் என்ற பேச்சு குறைந்திருக்கிறது.

பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், யூனிட் வரிசையை மாற்றுவதற்கும் கேள்வித்தாளில் இயக்கம் பற்றிய கேள்விகளைக் கூட்டுவதற்கும் தனியாக நிதி ஒதுக்க வேண்டியதில்லை என்பதைக் கவனத்தில் கொள்ளுங்கள். அந்த வாசகருக்கும் ஒரு வார்த்தை, சனிக்கிழமை இந்தப் பக்கம் வந்தால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள், பிறகு யாரைச் சேர்க்கக் கூடாது என்று எழுதலாம்.

இப்படிக்கு,
இறுதியாண்டு உளவியல் மாணவி,
கீழக்கரை வட்டம், ராமநாதபுரம் மாவட்டம்.
(பெயர் வெளியிட வேண்டாம்.)